நாற்பத்தொரு உயிர்களின் சொந்தக்காரர்

கல்யாணம், குழந்தை, கிளினிக், கழுத்து வலி எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்த பிறகு, நாற்பத்திரண்டாவது வயதில் டாக்டரம்மாவுக்கு மறுபடியும் படிக்கிற ஆசை வந்தது. பதினேழு வருடமாகக் கடைத்தெருவில், ஜெராக்ஸ் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், நாய் பூனை ஆடு மாடு என்று வந்ததையெல்லாம் பார்த்துவரும் கால்நடை மருத்துவர் அவர். "இன்னும் படிக்க என்ன பாக்கி இருக்கு உனக்கு? மனுஷனையும் பாக்கப் போறியா?" என்று அண்ணன் போனில் கேட்டார். அதுவும் பாதி சரிதான். காட்டுயிர்ப் பாதுகாப்பு மருத்துவம் என்று அந்தப் படிப்புக்குப் பெயர். ஒரு பறவைக்கு நோய் என்றால் பறவையை மட்டும் பார்த்துவிட்டு ஊசியை எடுப்பதில்லை. அது குடித்த தண்ணீர், தின்ற எலி, அந்த எலி திரிந்த இடம், அங்கே குடியிருக்கும் மனிதர் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது. எங்கோ தொலைதூர தேசத்துப் பல்கலைக்கழகம் ஒன்று அதை இரண்டு வருடத்தில் ஆன்லைனில் சொல்லிக் கொடுத்தது.

வகுப்பு செவ்வாயும் வெள்ளியும் பகல் இரண்டு மணிக்கு. கிளினிக்கை ஒன்றிலிருந்து மூன்றரை வரை அடைப்பது வழக்கம்தான். ஆனால் அடைத்த கதவைத் தட்டாத நாய்க்காரர் உலகத்தில் உண்டா? அதனால் எக்ஸ்ரே அறை வகுப்பறை ஆனது. அதற்கு ஜன்னல் கிடையாது, வெளிச்சத்தம் வராது, வாசலுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு வேறு உண்டு. விளக்கு எரிந்தால் யாரும் உள்ளே நுழையக்கூடாது. வகுப்பு ஆரம்பிக்கும்போது அட்டெண்டர் அக்கா அந்த விளக்கைப் போட்டுவிட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"ஒன்றரை மணி நேரமா எக்ஸ்ரே எடுக்கறாங்களா?" என்று யாராவது கேட்டால், "பெரிய மிருகம்" என்பார்.

டாக்டரம்மாவுக்குப் பின்னால் ஆணியில், எக்ஸ்ரே எடுக்கும்போது மாட்டிக்கொள்ளும் ஈய அங்கி தொங்கும். யாரோ ஒருவர் இந்த மாணவிக்குப் பின்னால் ஆடாமல் அசையாமல் நின்று பாடம் கேட்கிறார் என்றே பேராசிரியர் மூன்று வாரம் நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மரியாதைக்காக அவருக்கும் ஒரு நாற்காலி கொடுக்கச் சொன்னார்.

அட்டெண்டர் அக்கா கிளினிக் திறந்த நாளிலிருந்து இருப்பவர். கூண்டு கழுவுவதும், கடிக்கிற நாயின் வாயைக் கட்டுவதும், அழுகிற எஜமானரைத் தேற்றுவதும் அவர் பொறுப்பு. இவர் ஒரு கை என்றால், இன்னொரு கை டாக்டரம்மாவின் கணவர். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். விடியற்காலை ஷிப்டுக்குப் போய்விட்டு மூன்றரைக்குத் திரும்புவார். வகுப்பு நாளில் ராத்திரிச் சமையல் அவருடையது, அதில் உப்பு எப்போதும் ஒரு கல் தூக்கல். மகளுக்கும் பள்ளி இறுதித் தேர்வு என்பதால் வீட்டில் இரண்டு பரீட்சைக்காரர்கள். இருவருக்கும் டீ போட்டு வைத்துவிட்டு, சத்தத்தைச் சுத்தமாக நிறுத்தி டிவியில் செய்தி பார்ப்பார், அதாவது செய்தி வாசிப்பவரின் வாயைப் பார்ப்பார். இப்படி ஒரு மனிதர் வாய்த்ததற்கு டாக்டரம்மா பல தடவை மனதுக்குள் கும்பிடு போட்டதுண்டு. வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் சமையலை இன்னும் இரண்டு நாளுக்கு நீட்டித்துவிடுவார் என்ற பயமும் கொஞ்சம் உண்டு.

படிப்பு ஆசைக்கு விதை போட்டது ஓர் ஆந்தை. அதைக் கொண்டுவந்ததே இந்த ஓட்டுநர்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, முதல் டிரிப் எடுக்கப்போனவர் பனியனோடு கிளினிக்குக்கு ஓடிவந்தார். சீருடைச் சட்டைக்குள் வெள்ளை முகத்து ஆந்தை ஒன்று சுருண்டிருந்தது. பேருந்துப் பணிமனையில் உதிரிபாக ஸ்டோர் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்ததாம். "எப்படியாவது பாரு. மாத்துச் சட்டை டிப்போவில இருக்கு" என்று கொடுத்துவிட்டுப் பறந்தார்.

கிளினிக் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் உண்டு. எந்த உயிர் வந்தாலும் அதற்கு முதலில் கார்டு திறக்க வேண்டும். சொந்தக்காரர் பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி மூன்றையும் போட்டால்தான் அடுத்த பக்கம் வரும். காலியாக விட்டால் சிவப்பாக மினுக்கிக்கொண்டு நகரவே நகராது. டாக்டரம்மா அவசரத்தில் கணவர் பெயரையும் நம்பரையும் வீட்டு முகவரியையும் தட்டினார். 'ஆந்தை 1' பிறந்தது.

அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்றால், 'டாக்டரம்மா ஆந்தையெல்லாம் பார்க்கிறார்' என்று ஊருக்குள் பேச்சு பரவியது. சிறகு ஒடிந்த கொக்கு, மாஞ்சா நூலில் மாட்டிய பருந்து, ஓடு உடைந்த ஆமை, வௌவால், அணில், எல்லாவற்றுக்கும் மேலாக ஆந்தைகள். கொண்டுவந்தவர்களிடம் பெயர் கேட்டால் பின்வாங்கினார்கள். "பேரெல்லாம் எதுக்குங்க? ரோட்டுல கெடந்துச்சு, பாவமா இருந்துச்சு, கொண்டாந்தேன்" என்று நழுவினார்கள். கார்டு நகர வேண்டுமே! 'ஏற்கெனவே உள்ள சொந்தக்காரருக்குப் புதிய பிராணி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்குவது சுலபம். அமுக்கினார், அமுக்கினார், மூன்று வருடத்தில் ஓட்டுநர் நாற்பத்தொரு உயிர்களுக்குச் சொந்தக்காரர் ஆனார்.

சாஃப்ட்வேர் சும்மா இருக்குமா? அவருக்கு விடாமல் எஸ்எம்எஸ் அனுப்பியது. 'உங்கள் அன்புக்குரிய ஆமை 3-க்குத் தடுப்பூசி போடும் நாள் நெருங்குகிறது.' 'வௌவால் 2-க்கு இன்று பிறந்தநாள், வாழ்த்துகள்!' பிராணி செத்துவிட்டால் இரங்கல் செய்தி, குணமானால் 'நலமுடன் வீடு திரும்பியது.' அதை நிறுத்தும் வழி டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை. விற்றுவிட்டுப்போனவர் போனை எடுக்கவில்லை. பணிமனையில் அவருக்கு 'ஜூ முதலாளி' என்று பெயரே நிலைத்துவிட்டது. "என்ன முதலாளி, இன்னிக்கு எந்தப் பிள்ளைக்கு ஊசி?" என்று நடத்துநர் கேட்பார். ஓட்டுநரும் கோபிக்காமல் செய்தியை உரக்கப் படித்துக்காட்டுவார்.

படிப்பின் கடைசிக் கட்டம் ஆய்வறிக்கை. டாக்டரம்மா தன் கிளினிக்குக்கு வந்த காட்டுயிர்களையே எடுத்துக்கொண்டார். மூன்று வருடப் பதிவு கையில் இருக்கும்போது கவலை என்ன என்று தெம்பாக இருந்தார். அறிக்கைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பில், ஒவ்வொருவரும் தங்கள் பட்டியலை வரைபடத்தில் ஏற்றிக்காட்ட வேண்டும் என்றார் பேராசிரியர். எந்த உயிர் எங்கே கிடைத்தது என்று புள்ளி புள்ளியாக விழும். புள்ளிகள் எங்கே கூடுகின்றனவோ அங்கே காரணம் இருக்கும்.

டாக்டரம்மா பட்டியலை ஏற்றினார். வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி விழுந்தது.

இணையம் மெதுவாக இருக்கிறதோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். இரண்டாவது புள்ளி வரவில்லை. பேராசிரியர் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கினார். தெரு தெரிந்தது, வீடு தெரிந்தது, மொட்டைமாடியில் காயும் துணிகூடத் தெரிந்தது. நாற்பத்தொரு சாவும் நோவும் ஒன்றின்மேல் ஒன்றாக அந்த ஒரு வீட்டின் தலையில் விழுந்திருந்தன.

"இந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்?" என்று மிகுந்த கவலையோடு கேட்டார்.

"நானும் என் கணவரும் மகளும்" என்றார் டாக்டரம்மா.

பதினான்கு தேசத்து மாணவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, இடம் இல்லாத பதிவை வைத்து ஆய்வு செய்ய முடியாது என்றார். பன்னிரண்டு நாளில் இடங்களைத் திரட்ட முடிந்தால் சரி, இல்லையென்றால் அடுத்த வருடம் புதிய தலைப்பில் ஆரம்பத்திலிருந்து. நல்ல மனிதர்தான், ஆனால் விதி விதிதான்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். டாக்டரம்மாவுக்குச் சறுக்கியது நாற்பத்தொரு முறை, அதுவும் ஒரே இடத்தில். பதினேழு வருடப் பழக்கம் செய்த வேலை இது. கிளினிக்கில் சொந்தக்காரர் முகவரி என்றால் பிராணியின் முகவரி. நாய் எங்கே வாழ்கிறது என்று தனியாக யார் கேட்பார்கள்? லேப்டாப்பை மூடிவிட்டு ஈய அங்கிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சிவப்பு விளக்கை அணைக்க வந்த அக்கா முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்.

"என்னாச்சு டாக்டரம்மா? அந்த வாத்தியார் ஏதாவது சொல்லிட்டாரா?"

"அவர் சரியாத்தான் சொன்னார். நான்தான் கோட்டை விட்டுட்டேன்க்கா. எந்தப் பறவை எங்க கெடச்சுதுன்னு நான் எழுதவே இல்ல. கொண்டுவந்தவங்க யாரு, எவருன்னு ஒண்ணும் தெரியாது. ரெண்டு வருஷம் படிச்சதெல்லாம் போச்சு."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "கொண்டுவந்தவங்க நம்பர் இருந்தாப் போதுமா?"

"போதும். ஆனா யார்கிட்ட இருக்கு?"

"எழுந்து வாங்க" என்றார் அக்கா.

கூண்டு அறையின் மூலையில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. அதைக் காலி செய்யச் சொல்லி டாக்டரம்மா எத்தனையோ முறை சத்தம் போட்டிருக்கிறார். பறவையையோ வௌவாலையோ யாரும் வெறுங்கையில் தூக்கி வருவதில்லை. துண்டு, போர்வை, சட்டை, பழைய புடவை என்று எதிலாவது சுற்றித்தான் வருவார்கள். பிராணியை வாங்கிக்கொண்டதும் துணி கிளினிக்கில் தங்கிவிடும். "ஊரார் துணி நம்மகிட்ட இருக்கக் கூடாது" என்பது அக்காவின் கொள்கை. கிருமிநாசினி போட்டு அலசி, காயவைத்து, மடித்து, ஒரு சீட்டு எழுதி ஊக்கு குத்தி அடுக்கிவிடுவார். திருப்பிக் கொடுக்க வேண்டுமே, அதற்காக வந்தவரிடம் போன் நம்பர் கேட்பார். அடிபட்ட உயிருக்குத் தன் பெயரைக் கொடுக்கத் தயங்கிய அதே ஆள், துண்டுக்காக நம்பரைக் கடகடவென்று சொல்லிவிடுவார். மனித மனம் அப்படி.

அலமாரியில் முப்பத்து மூன்று துணிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. 'பச்சைத் துண்டு. ஆட்டோக்காரர். ஆந்தை.' கீழே தேதியும் நம்பரும். 'ஸ்வெட்டர். டீச்சர். ஆந்தைக் குஞ்சு.' 'பூப்போட்ட பெட்ஷீட். கோபக்காரர். கொக்கு.'

"போன மாசம் எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொன்னேனேக்கா?"

"சொன்னீங்க. நான்தான் கேக்கல."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்றால் இதுதான். டாக்டரம்மா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிடித்த கைகளை விடாமல் ஆட்டினார். "விடுங்க, கையெல்லாம் டெட்டால் வாசனை" என்றார் அக்கா.

மறுநாளிலிருந்து ஒன்றிலிருந்து மூன்றரை வரை போன்தான். டாக்டரம்மா துணியை மடியில் வைத்துக்கொண்டு நம்பரைப் போடுவார், அக்கா எதிரில் சீட்டோடு உட்கார்ந்திருப்பார். எங்கே கிடைத்தது என்று ஒரு கேள்வி கேட்டால் முடிந்தது, ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றுதான் டாக்டரம்மா கணக்குப் போட்டார்.

முதல் போன் பச்சைத் துண்டுக்காரருக்கு. "துண்டா? துண்டு கெடக்குது மேடம். அந்த ஆந்தை பொழைச்சுதா?"

அதற்கு டாக்டரம்மா தயாராக இல்லை. "அது… அன்னிக்கு நாங்க முடிஞ்சவரைக்கும்…" என்று இழுத்தார். ஆட்டோக்காரருக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ" என்றார். பிறகு அவராகவே இடத்தைச் சொன்னார். தானியக் குடோன்களின் பின்சந்து, மூன்றாவது மின்கம்பத்தின் கீழே. ஒன்றரை வருடம் ஆகியும் மூன்றாவது கம்பம் என்று எண்ணிச் சொன்னார்.

அப்புறம் எல்லோரும் அப்படித்தான். யாரைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, "பொழைச்சுதா?" டாக்டரம்மா இரண்டு பேரிடம் மழுப்பிப் பார்த்தார். அக்கா சீட்டால் அவர் முழங்கையைத் தட்டினார். "நேராச் சொல்லுங்க டாக்டரம்மா. நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தவங்களுக்குத் தெரிய வேணாமா?"

அதன் பிறகு நேராகச் சொன்னார். பருந்தைக் கொண்டுவந்த வெல்டரிடம் "பறந்துடுச்சு" என்றபோது, அவர் பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி அதைக் கத்திச் சொன்னார், அந்தப் பக்கம் யாரோ சம்மட்டியால் இரும்பைத் தட்டிக் கொண்டாடினார்கள். பூப்போட்ட பெட்ஷீட்காரர் மட்டும் விதிவிலக்கு. "மாமியார் குடுத்த பெட்ஷீட்டுங்க அது, வீட்டுல இன்னும் பேசறாங்க, இன்னிக்கே வரேன்" என்றார். வந்தார், பெட்ஷீட்டை வாங்கிக்கொண்டார், படியிறங்கினார், திரும்பி வந்து, "அந்தக் கொக்கு?" என்று கேட்டார்.

ஸ்வெட்டர் டீச்சர்தான் டாக்டரம்மாவை ஆட்டிவிட்டார். குஞ்சு இறந்துவிட்டது என்றதும் அந்தம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க கிளாஸ் பிள்ளைங்க தினமும் கேட்டாங்க மேடம். பறந்து போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். சொன்னது தப்பா?"

"தப்பில்ல" என்றார் டாக்டரம்மா. போனை வைத்த பிறகு அடுத்த நம்பரைப் போடக் கை வரவில்லை.

ஒன்பதாம் நாள் முடிவில் இருபத்தொன்பது பேர் கிடைத்திருந்தார்கள். சிலர் இடத்தைக் காட்ட நேரிலேயே வந்தார்கள். வீட்டுத் தலையில் குவிந்திருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்து ஊருக்குள் போய் உட்கார்ந்தன. ஆமைகள் குளக்கரைச் சாலையில். வௌவால்கள் பழத்தோட்ட வேலியில். ஆந்தைகளோ, சொல்லிவைத்தாற்போல, தானியக் குடோன்களின் பின்சுவரை ஒட்டி வரிசையாக நின்றன. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பேருந்துப் பணிமனை.

அந்த ஆந்தைகள் எதனால் செத்தன என்பது டாக்டரம்மாவுக்கு இப்போது தெரியும். முதல் வருடப் பாடத்திலேயே வந்தது. ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் எலிமருந்து. தின்ற எலி உடனே சாகாது, மூன்று நான்கு நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலி ஆந்தைக்குச் சுலபமான இரை. பிறகு ஆந்தைக்கு உள்ளுக்குள் ரத்தம் கசியும், வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. எலிமருந்து தின்ற நாய் மாதத்துக்கு ஒன்றாவது கிளினிக்குக்கு வரும். அதற்கு வைட்டமின் கே ஊசி போட்டுப் பிழைக்கவைப்பது டாக்டரம்மாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாய்க்கு வாய் இல்லாவிட்டாலும் அதன் சொந்தக்காரருக்கு உண்டு. "எலிமருந்து தின்னுடுச்சு டாக்டர்" என்று அலறிக்கொண்டு வருவார். ஆந்தைக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. படித்த பிறகு வந்த ஆந்தைகளுக்கு ஊசி போட்டார், ஏழு பிழைத்தன.

படிப்பதற்கு முன்னால் வந்ததுதான் ஆந்தை 1. ஏதோ வண்டி இடித்திருக்கும் என்று நினைத்து குளுக்கோஸ் ஏற்றினார். இரண்டு மணி நேரத்தில் அது அவர் கையிலேயே அடங்கிவிட்டது. அறுத்துப் பார்த்தபோது நெஞ்சுக்கூடு முழுக்க ரத்தம். ஏன் என்று அன்று தெரியவில்லை. வைட்டமின் கே கைக்கெட்டும் அலமாரியில் இருந்தது. சாயந்தரம் ஓட்டுநர் வந்து, சட்டையை வாங்கிக்கொண்டே, "பொழைச்சுதா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. "பறந்து போயிடுச்சுங்க" என்றார். இரங்கல் செய்தி போய்விடக்கூடாதே என்று கார்டிலும் 'குணமானது' என்று அமுக்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அடுத்த வாரம் தான் படிக்கப்போவதாகச் சொன்னார். இடம் கிடைத்து வகுப்பு தொடங்க ஒரு வருடம் ஆனது.

இப்போது அந்த வரி பட்டியலின் தலையில் உட்கார்ந்துகொண்டு டாக்டரம்மாவை முறைத்தது. கொண்டுவந்தவரை விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரே வரி. அது 'குணமானது' என்று நின்றால், ஆந்தைச் சாவுகள் ஒரு வருடம் கழித்து குடோன் பக்கம் தொடங்கியதாக ஆகும், பழி முழுக்க குடோன்காரர் தலையில் விழும். அது இறந்தது என்றால், முதல் சாவு பணிமனை ஸ்டோர் வாசலில். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டால் என்ன என்றுகூட டாக்டரம்மா யோசித்தார், மனிதப் பிறவிதானே. ஆனால் இத்தனை பேரிடம் எங்கே கிடைத்தது என்று கேட்டு வாங்கிவிட்டு, தன் பொய்யை மட்டும் எப்படி உள்ளே வைப்பது? கிளினிக் பதிவும் அறிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் விதி. பதிவைத் திருத்தினால் அந்த நிமிஷமே சாஃப்ட்வேர் ஓட்டுநருக்கு இரங்கல் தெரிவித்துவிடும்.

எஸ்எம்எஸ் முந்திக்கொள்ளக் கூடாது என்று, அறிக்கைக்கு முந்தைய நாள் பகலில், டாக்டரம்மா ஆட்டோ பிடித்துப் பணிமனைக்குப் போனார்.

"முதலாளி! முதலாளியம்மா வந்திருக்காங்க!" என்று நடத்துநர் குரல் கொடுத்தார். ஓட்டுநர் டிரிப் முடித்துத் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். மனைவியை அங்கே பார்த்ததும் பதறிப்போய், ஈர முகத்தோடு வந்தார்.

"என்ன, வீட்டுல ஏதாவது…"

"ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லாயிருக்காங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உக்காருங்க."

பேருந்து டயர் ஒன்றின்மேல் பலகை போட்டு பெஞ்சாக்கியிருந்தார்கள். இருவரும் உட்கார்ந்தார்கள்.

"அந்த மொதல் ஆந்தை இருக்குல்ல… அது பறந்து போகலங்க."

ஓட்டுநர் துண்டால் முகத்தை நிதானமாகத் துடைத்தார். "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அன்னிக்கு ரெண்டு மணிக்கே டிரிப் முடிச்சுட்டு அத பாக்க வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு, பின்பக்கமா வந்தேன். நீ குழி தோண்டிட்டிருந்தே. மண்வெட்டியே பிடிக்கத் தெரியல உனக்கு. அழுதுகிட்டு வேற இருந்தே. அப்படியே திரும்பிட்டேன்."

"அப்ப சாயந்தரம் எதுக்குக் கேட்டீங்க?"

"நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். பறந்துடுச்சுன்னே. எனக்காகத்தானே நீ சொல்றேன்னு விட்டுட்டேன். அடுத்த வாரமே படிக்கப் போறேன்னு வேற நின்னே. எதுக்காகன்னு எனக்குத் தெரியாதா?" போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி வெகுதூரம் போனார். 'உங்கள் அன்புக்குரிய ஆந்தை 1 நலமுடன் வீடு திரும்பியது.' அதற்குப் பிறகு வந்த அத்தனை தடுப்பூசிகளுக்கும் பிறந்தநாள்களுக்கும் அடியில் அது அழியாமல் இருந்தது. "பொய்யா இருந்தாலும் படிக்க நல்லா இருந்துச்சு" என்றார்.

இரண்டு வருடம் சத்தம் இல்லாமல் டிவி பார்த்த மனிதர். எதற்காக அப்படிப் பார்க்கிறோம் என்று தெரிந்தே பார்த்திருக்கிறார்.  டாக்டரம்மா மனதுக்குள்ளேயே போட்டுவந்த கும்பிடு அன்றைக்கு வாய்வரைக்கும் வந்தது. "நீங்க இல்லன்னா நான் படிச்சே இருக்க மாட்டேங்க" என்றார். "சரி சரி, டிப்போ இது" என்று ஓட்டுநர் அக்கம்பக்கம் பார்த்தார்.

பிற்பாடு அறிக்கை தேறியது, பட்டம் வந்தது, நன்றிப் பக்கத்தில் அக்கா பெயரும் இருபத்தொன்பது பேர் பெயரும் வந்தன. அதெல்லாம் பிறகு. அன்று டாக்டரம்மா தன் போனிலேயே சாஃப்ட்வேரைத் திறந்தார். ஆந்தை 1. 'குணமானது' என்பதை எடுத்துவிட்டு 'இறந்தது' என்று போட்டார். குறிப்புக் கட்டத்தில், கிடைத்த இடம் பணிமனை ஸ்டோர் வாசல் என்று எழுதினார். கணவரைப் பார்த்தார். அவர் தலையசைத்ததும் அமுக்கினார்.

ஓட்டுநரின் போன் டிங் என்றது. நடத்துநர் வழக்கம்போல, "என்ன முதலாளி, யாருக்கு ஊசி?" என்று தூரத்திலிருந்து கேட்டார். ஓட்டுநர் இம்முறை உரக்கப் படிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தனக்குள் படித்தார். 'உங்கள் அன்புக்குரிய ஆந்தை 1-இன் மறைவுக்கு வருந்துகிறோம்.'

"மூணு வருஷம் கழிச்சாவது துக்கம் விசாரிச்சீங்களே" என்றார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டார். "எதனால செத்துச்சு?"

டாக்டரம்மா சொன்னார். எலிமருந்து, தள்ளாடிய எலி, உள்ளுக்குள் கசிந்த ரத்தம், கைக்கெட்டும் அலமாரியில் இருந்த ஊசி, ஒன்றையும் மறைக்கவில்லை.

"அன்னிக்கு உனக்கு அது தெரியாது."

"தெரியாது."

"அதுக்கப்புறம் வந்ததுல?"

"ஏழு பொழைச்சுது."

ஓட்டுநர் எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, உதிரிபாக ஸ்டோர் பக்கம் பார்த்தார். அதன் வாசலில் ஸ்டோர் கீப்பர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் நீல நிறத்தில் எலிமருந்துக் கட்டிகள் வைத்த ஒரு தகரத் தட்டு.

"வா, அவர் எனக்குத் தெரிஞ்ச ஆளுதான், சொன்னாக் கேப்பார்" என்றார். "என்னோட ஆந்தை எதனால செத்துச்சுன்னு டாக்டர் நீ சொல்லு. சொந்தக்காரன் நான் பக்கத்துல நிக்கறேன்."